பேரர் செக்கும் பக்கத்து கவுன்ட்டரும்

ஆபீஸ் கவுன்ட்டர்களுக்கென்று ஒரு விதி இருக்கிறது. நீங்கள் எந்த ஜன்னலில் அரை மணி நேரம் கால் கடுக்க நின்றீர்களோ, உங்கள் வேலை அந்த ஜன்னலில் நடக்காது.

போன மாதம் ஒரு பெயர் மாற்றம் விஷயமாகப் போயிருந்தேன். (எந்த ஆபீஸ் என்று சொல்வதற்கில்லை. வேலை இன்னும் முடியவில்லை.) நாலாம் நம்பர் ஜன்னல்காரர் ஃபைலைத் திறக்காமலேயே, "இந்த செக்‌ஷன் இங்க இல்ல ஸார். பின்னாடி புது பில்டிங், மாடியில போய்ப் பாருங்க" என்றார். போனேன். மாடிப்படி திரும்புகிற இடத்தில், காதில் பேனா செருகிய ஓர் ஆசாமி வழிமறித்தார்.

"நாலாம் நம்பர்ல அனுப்பிச்சாங்களா? ஒரிஜினலைக் குடுங்க, நான் பார்த்துக்கறேன்."

கொடுப்பேனா? ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு, "ஜெராக்ஸ்தான் இருக்கு" என்று கூசாமல் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, இரண்டு இரண்டு படியாக ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்து என் சாமர்த்தியத்தை மனைவியிடம் விஸ்தாரமாக வர்ணித்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். சிலாகிக்கவில்லை.

இப்பேர்ப்பட்ட உஷார்ப் பேர்வழியான நான், சரியாக 8 மாதமாக, ராத்திரி தவறாமல், என் நண்பனின் கல்லாப்பெட்டிச் சாவியை முன்பின் தெரியாத ஓர் இடத்தில் நீட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். நேரில் அல்ல. என் சார்பில், நான் எழுதிய 60 வரி ப்ரோக்ராம்.

பத்தி எழுதி வருகிற பணத்தில் பாலும் பத்திரிகையும் வாங்கலாம். மற்றதற்கு நான் படித்த பி.காம். தான் கை கொடுக்கிறது. நண்பன் ஸ்டேஷனரி மொத்த வியாபாரி. இன்டர்நெட்டிலும் ஆர்டர் எடுக்கிறான். பணம் ஒரு பேமென்ட் கம்பெனி வழியாக வந்து சேரும். அன்றன்றைய வரவு விவரத்தை அந்தக் கம்பெனியின் ஸர்வரிலிருந்து இறக்கிக் கணக்கில் ஏற்றுவது என் வேலை. தினமும் கையால் செய்ய சோம்பல். என் மச்சினன் ஸாஃப்ட்வேர்க்காரன். அவனிடம் நாலு நாள் பாடம் கேட்டு, ராத்திரி 11 மணிக்குத் தானாகவே போய் ஃபைலை எடுத்து வருகிற மாதிரி ஒரு ப்ரோக்ராம் எழுதினேன். எழுதிய அன்று எனக்கு இருந்த கர்வம், முதல் கதை பிரசுரமான அன்றுகூட இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை ஃபைல் வரவில்லை. திரையில் '400' என்று ஒரு நம்பர். கேட்ட விதமே சரியில்லை என்று அர்த்தம். நேற்று வரை கேட்ட மாதிரிதானே ஐயா கேட்டேன்? புதன், வியாழன்... ஊஹும். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு மச்சினன் வந்தான். ரசம் சாதம் வரை பொறுத்திருந்து, மோருக்கு முன் கம்ப்யூட்டரை அவன் பக்கம் திருப்பினேன்.

ஐந்து நிமிஷம் பார்த்தான். பிறகு, "மாமா, இவங்க உங்களை வேற இடத்துக்குப் போகச் சொல்றாங்க" என்றான்.

"எங்கே?"

"பின்னாடி, புது பில்டிங் மாடிக்கு."

*

நாம் ஒரு வெப்சைட்டைக் கேட்கும்போது அந்த ஸர்வர் சில சமயம் பதிலைத் தராமல் ஒரு மூன்றிலக்க எண்ணையும் ஒரு புது விலாசத்தையும் தரும். 301 என்றால் நிரந்தரமாக வீடு மாறியாச்சு. 302 என்றால் இப்போதைக்கு அங்கே போய்க் கேள். இதற்கு ரீடைரக்ட் என்று பெயர். 1996-ல் வந்த ஹெச்.டி.டி.பி. 1.0 ஆவணத்திலேயே இந்த இரண்டு எண்களும் இருக்கின்றன. கவுன்ட்டர்காரர்களின் புத்தி அங்கேயும் எட்டியிருக்கிறது.

நான் எழுதியது 60 வரிதான் என்றேனே, நிஜமாக ஓடி ஆடி வேலை செய்வது அந்த 60 வரி இல்லை. ஹெச்.டி.டி.பி. லைப்ரரி என்று யாரோ எழுதி வைத்திருக்கும் ஒரு பெரிய தொகுப்பு. நான் 'போய் வாங்கி வா' என்பேன், அது போய் வாங்கி வரும். நல்ல பையன். வழியில் யாராவது '302, அங்கே போ' என்றால் எசமானிடம் திரும்பி வந்து கேட்காது. தானே போய்விடும். அங்கிருந்து இன்னோர் இடம், அங்கிருந்து இன்னொன்று. 'கோ' மொழியின் லைப்ரரி 10 தடவை அலைந்ததும் போதும் என்று உட்கார்ந்துவிடும். பைத்தான்காரர்கள் பயன்படுத்தும் 'ரிக்வெஸ்ட்ஸ்' 30 தடவை வரை அலையும். நம் ஆபீஸ்களோடு ஒப்பிட்டால் இரண்டுமே சுகவாசிகள்.

சரி, அலையட்டும். கையில் என்ன எடுத்துக்கொண்டு அலைகிறது என்பதில்தான் வினை.

பேமென்ட் கம்பெனி என் நண்பனுக்கு ஒரு சாவி கொடுத்திருந்தது. சாவி என்றால் நீளமான ஓர் எழுத்துச் சரம். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் 'ஆதரைசேஷன்' என்கிற ஹெட்டரில், 'பேரர்' என்று எழுதி, பக்கத்தில் அந்தச் சரத்தைப் போட வேண்டும். மச்சினன் இதை விளக்கத் தொடங்கியதும் நான் கையமர்த்தினேன்.

"பேரரா? பேரர் செக் மாதிரியா?"

"அது என்ன மாமா?"

வாழ்க்கையில் முதல் தடவையாக என் பி.காம். அவன் பி.இ.யை ஜெயித்த தருணம். பேரர் செக் என்றால் அதை யார் கொண்டுபோய் நீட்டுகிறார்களோ அவர்களுக்குப் பணம். நீ யார், உன் தகப்பனார் யார் என்ற விசாரணையெல்லாம் சட்டப்படி அவசியமில்லை. 1881-ஆம் வருஷத்து நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சட்டம், இன்றைக்கும் அமலில் இருப்பது. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் செக்கின் இடது மூலையில் இரண்டு கோடு கிழித்து 'அக்கவுன்ட் பேயீ' என்று எழுதுகிறார்கள். பேரர் டோக்கனும் அதேதான். 2012-ல் அதற்கான விதிமுறையை (ஆர்.எஃப்.சி. 6750) எழுதியவர்கள் கொடுத்த விளக்கமும் ஏறக்குறைய அப்படியே: கையில் வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் பயன்படுத்தலாம். கோடு கிழிக்க மட்டும் மூலை இல்லை.

"அப்படின்னா ஒரு கேள்வி" என்றேன். "பேங்க் வாசல்ல ஒருத்தன் நின்னுகிட்டு, 'இந்த பேங்க் இடம் மாறிடுச்சு, எதிர்க் கட்டடத்துக்குப் போங்க'ன்னு சொல்றான். நம்ம பையன் செக்கையும் எடுத்துக்கிட்டே எதிர்க் கட்டடத்துக்குப் போறான். அங்கே இருக்கிறது பேங்க்தானான்னு யாருக்குத் தெரியும்?"

மச்சினன் மோர்சாதத்தைப் பிசைவதை நிறுத்தினான். "அதான் மாமா நடந்திருக்கு."

*

அவன் அடுத்துச் செய்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கை கழுவிவிட்டு வந்து, என் கம்ப்யூட்டருக்குள்ளேயே இரண்டு குட்டி ஸர்வர்களை ஓடவிட்டான். ஒன்றின் பெயர் 'லோக்கல்ஹோஸ்ட்'. இன்னொன்று '127.0.0.1'. இரண்டுமே என் மெஷின்தான். ஆனால் பெயர் வேறாக இருப்பதால் லைப்ரரியின் கண்ணுக்கு வேறு வேறு ஊர். முதல் ஸர்வர் யார் கேட்டாலும் '302, அடுத்த வீட்டுக்குப் போ' என்று மட்டும் சொல்லும். அடுத்த வீட்டு ஸர்வர், வருகிறவன் என்னென்ன கொண்டுவந்தான் என்பதை அப்படியே திரையில் எழுதும். என் ப்ரோக்ராமை ஓடவிட்டான்.

திரையில் வந்தது சாவி. முழுசாக. ஓர் எழுத்து குறையாமல்.

சட்டென்று எழுந்து ஜன்னல் கதவைச் சாத்தினேன். எதற்கு என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

பழைய லாக் ஃபைலைப் புரட்டியதில் முழுக் கதையும் வந்தது. பேமென்ட் கம்பெனி ஃபைல்களைத் தன் ஸர்வரில் வைப்பதில்லை. ஆரம்பத்திலிருந்தே வேறொரு டொமைனுக்குத்தான் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தது. என் ப்ரோக்ராமும் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டே அங்கே போய்க்கொண்டிருந்தது. அந்த டொமைன்காரர்கள் வாயே திறக்கவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை ஃபைல்கள் புதிதாக ஒரு கிடங்குக்கு மாறின. இந்தக் கிடங்கில் விலாசத்திலேயே கையெழுத்து வைத்து அனுப்புவார்கள். விலாசம்தான் அனுமதிச் சீட்டு. கூடவே நம் ஆள் இன்னொரு சாவியையும் நீட்ட, 'ரெண்டு சீட்டு காட்டினா உள்ளே விட முடியாது, ஒண்ணைச் சொல்லு' என்று விரட்டிவிட்டார்கள். அதுதான் அந்த 400. விரட்டியவனை அஞ்சு நாளாகத் திட்டிக்கொண்டிருந்தேன். 8 மாதம் பேசாமல் வாங்கிக்கொண்டிருந்தவனைப் பற்றி நினைக்கக்கூட இல்லை.

நான் பயன்படுத்திய லைப்ரரி எது என்று சொல்லப்போவதில்லை. அதன் கையேட்டில், 'திருப்பிவிட்டால் இந்த ஹெட்டரை எடுத்துப்போகாதே' என்று சொல்லித் தனியாக ஒரு வழி இருந்ததாம். நான் கையேடு படிக்கவில்லை. மிக்ஸிக்கே படிக்காதவன்.

*

எனக்கு மட்டும்தான் இந்தக் கதியா என்று கேட்டேன். மச்சினன் சொல்லச் சொல்ல மனசு லேசானது. பெரிய பெரிய ஜாம்பவான்கள் எல்லாம் இதே மாடிப்படியில் வழுக்கியிருக்கிறார்கள்.

'கர்ல்' என்று ஒன்று உண்டு. ஸ்வீடன்காரர் டேனியல் ஸ்டென்பெர்க் 1998-லிருந்து அந்தப் பெயரில் வளர்த்து வருகிறார். கட்டுப்பாடான பிள்ளை: நீங்களாகச் சொன்னால் ஒழிய ரீடைரக்டைப் பின்தொடராது. முறைப்படி யூஸர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால், வேறு ஸர்வருக்குப் போகும்போது அவற்றை எடுத்துப்போகாது. ஆனால் அதே விஷயத்தை நீங்கள் கைப்பட ஹெட்டராக எழுதிக் கொடுத்தால், 'எசமான் எழுதினதாச்சே' என்று போகிற இடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தது. 2018 ஜனவரியில் 7.58.0-ல் சரி செய்தார்கள். அப்படியும் தீரவில்லை. பாஸ்வேர்ட்களை எழுதிவைக்கும் ஒரு ஃபைலும் ரீடைரக்டும் ஒரு விசித்திரமான விதத்தில் சேர்ந்தால் முதல் ஸர்வரின் பாஸ்வேர்ட் இரண்டாவது ஸர்வருக்குப் போகும் என்று 2024 டிசம்பரில் கண்டுபிடித்தார்கள். அந்த ஓட்டை 2000-ஆம் வருஷத்திலிருந்து அங்கேயே இருந்திருக்கிறது! நான் அரை டிராயர் போட்டுத் திரிந்த காலம்.

பைத்தானின் 'யூ.ஆர்.எல்.லிப்3' செய்தது இன்னும் தமாஷ். வேறு ஊருக்குப் போகும்போது ஆதரைசேஷன் ஹெட்டரைக் கழற்ற வேண்டும் என்று 2018-ல் ஏற்பாடு செய்தார்கள். சந்தோஷம். ஆனால் இங்கிலீஷில் முதல் எழுத்தைப் பெரிதாக எழுதினால்தான் கழற்றியது. எல்லாம் சின்ன எழுத்தாக இருந்தால் கண்டுகொள்ளவில்லை. ஹெட்டர் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசமே கிடையாது என்பது ஹெச்.டி.டி.பி.யின் பால பாடம். 2019-ல் அதையும் திருத்தினார்கள்.

'ரிக்வெஸ்ட்ஸ்' வேறு ஊருக்குச் சாவியைத் தராது. ஆனால் 2018 வரை, அதே ஊர், பூட்டு போட்ட ஹெச்.டி.டி.பி.எஸ். வழியிலிருந்து பூட்டில்லாத சாதா வழிக்குத் திருப்பினால் சாவியோடு கிளம்பிவிடும். இன்லண்ட் லெட்டரில் எழுதியதை போஸ்ட் கார்டில் காப்பி எடுத்து அனுப்புகிற மாதிரி. ஊர் மாறவில்லைதான், வழியில் படிக்கிறவர்கள் மாறிவிட்டார்களே!

எனக்கு மிகவும் பிடித்தது 'கோ' மொழியின் கதை. கூகுளில் பிறந்த மொழி. இதில் முதல் ஸர்வர் இரண்டாவது ஸர்வருக்குத் திருப்பினால், டொமைன் வேறு என்று கண்டுபிடித்து சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளும். கெட்டிக்காரத்தனம். ஆனால் அந்த இரண்டாவது ஸர்வர், 'இங்கேயே பக்கத்து ரூமுக்கு வா' என்று தனக்குள்ளேயே இன்னொரு முறை திருப்பினால்? 'அதே வீடுதானே, வேற்று ஆள் யாரும் இல்லையே' என்று இடுப்பிலிருந்து எடுத்து நீட்டிவிடும்! வாசலில் காட்டாத சாவியைக் கூடத்தில் உட்காரவைத்து மோர் கொடுத்ததும் காட்டிவிட்டது. 2025 ஜனவரியில் இதைச் சரி செய்தார்கள். ஒரு தடவை மறைத்தால் மறைத்ததுதான், அந்தப் பயணம் முடிகிறவரை இடுப்பிலிருந்து எடுக்கக்கூடாது.

இதைக் கேட்டதும் மனைவி கிச்சனிலிருந்து குரல் கொடுத்தாள்: "உங்க அண்ணன் மாதிரி." நான் அதற்குள் போக விரும்பவில்லை.

'அதே வீடு' என்பதற்கு என்ன அர்த்தம் என்பதில்தான் ஆளுக்கு ஆள் தகராறு. பெயர் ஒன்றாக இருந்து வாசல் எண் (போர்ட்) வேறாக இருந்தால்? கர்ல் 2022-ல்தான் அதையும் வேற்று வீடாகக் கணக்கில் எடுத்துக்கொண்டது. ஒரு டொமைனிலிருந்து அதன் கிளை டொமைனுக்குப் போனால்? 'கோ' அதைக் குடும்பம் என்று நம்பிச் சாவியைக் கொடுக்கிறது. என் வீட்டு மாடியில் குடியிருப்பவரின் விலாசம் என் விலாசத்தோடு 'மாடி' என்ற ஒரு வார்த்தைதான் கூடுதல். அதற்காக அவர் என் பீரோவைத் திறக்கலாமா? (நல்ல மனிதர்தான். இந்தப் பத்திரிகை வாங்குகிறவர்.)

விதிமுறை எழுதுகிற பெரியவர்கள் என்ன சொல்கிறார்கள்? 2022 ஜூனில் வந்த ஆர்.எஃப்.சி. 9110 இதைப் பற்றிப் பேசுகிறது. தானாகத் திருப்பத்தைப் பின்தொடரும்போது ஆதரைசேஷன், குக்கி போன்றவற்றை எடுத்துவிடுவதைப் பற்றி யோசியுங்கள் என்கிற தொனியில். யோசியுங்கள்! சர்க்குலரில் 'பரிசீலிக்கலாம்' என்று வந்தால் நம் செக்‌ஷனில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

அதோடு, ஹெட்டரைக் கழற்றிவிட்டால் மட்டும் தப்பித்துவிட்டதாக அர்த்தமில்லை. படிவம் அனுப்பும்போது 302 வந்தால், பிரௌசர்கள் படிவத்தைக் கீழே போட்டுவிட்டு வெறுங்கையோடு புது விலாசத்துக்குப் போவது பழக்கமாகிவிட்டது. விதிப்படி அப்படிச் செய்யக்கூடாது, ஆனால் எல்லோரும் செய்தார்கள். அதனால், 'படிவத்தையும் கட்டாயம் எடுத்துக்கொண்டு போ' என்று சொல்ல 307 என்று தனி எண் வைத்தார்கள், பிற்பாடு 308-ம் வந்தது. பாஸ்வேர்ட் படிவத்துக்குள்ளேயே இருந்து, 307 உங்களை வேறு ஊருக்கு அனுப்பினால்? ஹெட்டரைத் துடைத்துப் பிரயோஜனமில்லை. படிவமே போய்விட்டது.

மச்சினன் என் ப்ரோக்ராமில் தானாகப் பின்தொடர்வதை நிறுத்தினான். இப்போது 302 வந்தால் அது என்னிடம் திரும்பி வரும். புது விலாசம் ஹெச்.டி.டி.பி.எஸ். தானா, எனக்குத் தெரிந்த இரண்டு பெயர்களில் ஒன்றா என்று பார்க்கும். இல்லாவிட்டால் நின்றுவிடும். ஆமென்றால் ஒரு புத்தம் புது வேண்டுகோள், சாவி இல்லாமல், வெறுங்கையோடு. கூடுதலாக 14 வரி. ஃபைல் வந்துவிட்டது.

"முடிஞ்சுதா?" என்றேன்.

"இல்ல மாமா. பழைய சாவி இன்னும் உயிரோட இருக்கே. அதைச் சாகடிக்கணும். அவரு போனுக்கு ஓ.டி.பி. வரும்."

*

அங்கேதான் எனக்கு இடறியது.

சாவியை மாற்ற வேண்டுமென்றால் நண்பனிடம் சொல்ல வேண்டும். அந்தச் சாவி வரவு விவரம் பார்க்க மட்டுமல்ல. வாடிக்கையாளருக்குப் பணத்தைத் திருப்பி அனுப்பவும் அதுவே போதும். 8 மாதமாக அது இரவல் போயிருக்கிறது என்று எப்படிச் சொல்வது? அவன் என்னை நம்பித்தான் கல்லாவைக் கொடுத்திருக்கிறான். எனக்கு ஒரு குறுக்கு யோசனை வந்தது. 'டேய், ஒரு ஓ.டி.பி. வரும், சொல்லு, கணக்கு விஷயம்' என்று கேட்டால் மறு பேச்சில்லாமல் சொல்லிவிடுவான். அவன் சுபாவம் அப்படி. போனை எடுத்துவிட்டேன். அப்போது அந்த மாடிப்படி ஆசாமியின் முகம் ஞாபகம் வந்தது, காதில் பேனாவோடு. போனைக் கீழே வைத்தேன்.

திங்கட்கிழமை முழுக்க 8 மாதக் கணக்கையும் எடுத்து வைத்துக்கொண்டு பைசா பைசாவாக டேலி செய்தேன். ராத்திரி ஒரு தடவை. செவ்வாய் காலையில் இன்னொரு தடவை. ஒரு ரூபாய்கூட வெளியே போகவில்லை. அதற்குப் பிறகுதான் போன் செய்யத் தைரியம் வந்தது. ரீடைரக்ட், ஹெட்டர், பேரர் எல்லாவற்றையும் சொன்னேன். செக் உதாரணம் சொன்னதும் பிடித்துக்கொண்டான். வியாபாரி அல்லவா.

"பணம் போச்சா?"

"போகலைடா. மூணு தடவை பார்த்துட்டேன்." (இரண்டு தடவைதான்.)

"எப்போ கண்டுபிடிச்சே?"

"ஞாயித்துக்கிழமை."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. கடையில் யாரோ லாங் சைஸ் நோட்டு விலை கேட்பது கேட்டது.

"ஞாயித்துக்கிழமை கண்டுபிடிச்சே. இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை. ரெண்டு நாளா அந்தச் சாவி வேலை செஞ்சுக்கிட்டுத்தானே இருந்துச்சு?"

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. 8 மாதம் லைப்ரரியின் கணக்கு, அந்த இரண்டு நாள் என் கணக்கு.

"சரி, வந்துடுச்சு, எழுதிக்கோ" என்றான். ஆறு இலக்கம். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தவன், ஐந்தாவதற்கு முன்னால் நிறுத்தினான்.

"நீதானே பேசறே?"